ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா… அது ஒரு மணல் தீவுன்னு தெரியுமா?

காரைக்கால் பக்கத்தில் மண்டபத்தூர் கடற்கரையில் நின்றால், எதிரே வங்கக்கடல் மட்டும்தான். அலைக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது வெறும் மணற்பரப்பு. இதே கரையோரமாக வடக்கே போய், சென்னையைத் தாண்டினால் காட்சி மாறிவிடும். முதலில் கடல், அடுத்து நீளமான மணல் தீவு, அதன் பின்னால் அமைதியான ஏரி, அப்புறம்தான் நிலப்பகுதி. அலையின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் இந்த மாதிரி தீவுக்குப் பெயர் ‘தடுப்புத் தீவு’.

எங்கே இருக்கு?

பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாதான் அது. 1971 அக்டோபர் 9-ல் ஒரு ரோகிணி ராக்கெட்டும், 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3-ம் இங்கிருந்துதான் ஏவப்பட்டன.

அப்படி என்ன அழகு?

ஒரு பக்கம் சீறும் அலை, மறுபக்கம் ஆழமில்லாத ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதால் இறாலுக்கும் நண்டுக்கும் குறைவில்லை. குளிர்காலம் வந்தால் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். தீவுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஆனால் பழவேற்காடு போனால் ஏரியைப் பார்க்கலாம்.

மணல் எப்படி நகருது?

அலைகள் சாய்வாக வந்து மோதும்போது மணலும் கரையோரமாக நகரும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழை காலத்தில் தெற்கே திரும்பும். வருடக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். தடுப்புத் தீவுகளை வளர்ப்பதும் தேய்ப்பதும் இந்த மணல் ஓட்டம்தான்.

என்ன சிக்கல்?

நடுவில் சுவர் எழுப்பினால் ஓட்டம் தடைபடும். சென்னைத் துறைமுகமே இதற்குச் சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கட்டப்பட்ட பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது.

பழவேற்காடு மீனவர்களின் பயமும் இதுதான். தெற்கே உள்ள காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கினால் கரை அரிக்கும், பிழைப்பு போகும் என்று எதிர்க்கிறார்கள். ஏற்கெனவே மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடுவது அங்கே பழைய பிரச்சினை. அது அடைபட்டால் படகு கடலுக்குப் போகாது, ஏரிக்குள் கடல்நீரும் வராது. நீர் மாறினால் இறாலும் மீனும் குறையும்.

மண்டபத்தூரில் நம் காலடியில் நழுவும் மணலும் இதே ஓட்டத்தில்தான் நகர்கிறது. அங்கே முன்னால் நிற்க ஒரு தீவுகூட இல்லை. இருக்கிற காவல் அந்த மணல் மட்டும்தான்.