மூன்று தோல்வியும் ஒரு பட்டமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்

கால்பந்துப் போட்டிகள் இருவகைப்படும். தோற்ற அணி வெளியேறும் 'நாக்-அவுட்' ஒன்று. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் 'லீக்' மற்றொன்று. லீக்கில் வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1; தோற்றால் புள்ளியில்லை. பருவ முடிவில் யாருக்குப் புள்ளிகள் அதிகமோ அவருக்கே பட்டம்.

2018-19 ஐ-லீக் பருவம் இதற்கு நல்ல சான்று. 11 அணிகள், ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்தக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி, கடைசி நாளில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னே நின்றது.

2019 மார்ச் 9. பதின்மூன்று வயதில் அப்பாவுடன் அந்த அரங்கில் இருந்தேன். மினர்வா பஞ்சாப் அணி முதலில் கோல் அடித்ததும் அரங்கமே வாடிப்போயிற்று. பிற்பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். அங்கே ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆயினும் 43க்கு 42, பட்டம் கோவைக்கு!

கணக்கைப் பாருங்கள்: 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. யாரும் பேசாத அந்த நான்கு சமன்களில் ஒன்று நழுவியிருந்தாலும் இரு அணிகளும் 42இல் நின்றிருக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு துணைப்பாடக் கணிதத்தில் தவறியபோது, படிப்பை விட்டு மில் வேலைக்குப் போக நினைத்தேன். "அன்னைக்கு ஜெயிச்சவங்க மூணு ஆட்டம் தோத்தவங்கதானேடா?" என்றார் அப்பா.

நண்பர்களே, கல்லூரியும் லீக்தான், நாக்-அவுட் அன்று.