வாசனை மெழுகுவர்த்தி தொழில் தொடங்கப் போறீங்களா? டெல்டா வெயிலில் உருகாமல், கண்ணாடி உடையாமல் இருக்க என்னென்ன சோதனை செய்யணும்?

கண்ணாடி டம்ளரில் மெழுகை ஊற்றி, கொஞ்சம் சென்ட் விட்டு, நடுவில் ஒரு திரி. ரீல்ஸில் பார்த்தால் 30 நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதே மெழுகுவர்த்தி வாங்கியவர் வீட்டில் கிட்டத்தட்ட 30 மணி நேரம் எரியப்போகிறது. பக்கத்தில் திரைச்சீலை இருக்கலாம், மேலே ஃபேன் சுத்தலாம், கீழே குழந்தை விளையாடலாம்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை பக்கம் வீட்டிலிருந்தே ஒரு சின்ன தொழில் தொடங்கலாம்னு நினைக்கிற பலருக்கும் வாசனை மெழுகுவர்த்தி மேல் ஒரு கண் இருக்கு. முதலீடு குறைவு, இடம் குறைவு. ஆனால் இதில் செய்முறையை விட சோதனைதான் முக்கியம். ஏன், எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

டெல்டாவில் இதற்கு சந்தை இருக்கா?

மெழுகுவர்த்தி டெல்டாவுக்குப் புதுசு இல்லை. வேளாங்கண்ணி பேராலயத்தில் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் மெழுகுவர்த்தி விற்பனை தனி உலகம். திருக்காட்டுப்பள்ளி பக்கம் இருக்கும் பூண்டி மாதா பேராலயத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்பவர்கள் ஏராளம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது வீட்டுக்கு வீடு எரிந்ததும் மெழுகுவர்த்திதான்.

ஆனால் இதெல்லாம் சாதாரண குச்சி மெழுகுவர்த்தி. இப்போ வளைகாப்பு, கல்யாணம், பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட்டாகவும், தீபாவளி, கிறிஸ்துமஸ் பரிசாகவும் கேட்கப்படுவது கண்ணாடிக்குள் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தி. இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேலை செய்யும் விதம் வேறு.

அப்படி என்ன வித்தியாசம்?

அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியாக மேலே ஏறி எரிகிறது இல்லையா? மெழுகுவர்த்தியும் அதே மாதிரிதான். சுடர் சூட்டில் மெழுகு உருகுகிறது, உருகிய மெழுகு திரியில் ஏறுகிறது, அங்கே ஆவியாகி எரிகிறது. திரியை விட அதிகம் எரிவது மெழுகின் ஆவிதான்.

குச்சி மெழுகுவர்த்தியில் சூடு நாலா பக்கமும் வெளியேறிவிடும். கண்ணாடிக்குள் அப்படி இல்லை, சூடு உள்ளேயே தங்கும். அதோடு வாசனை எண்ணெயும் சேர்ந்தால் மெழுகின் குணமே மாறும். அதனால் மெழுகு, திரி, வாசனை எண்ணெய், பாத்திரம் என நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மாற்றினால் மறுபடியும் சோதிக்கணும். மல்லிகை வாசனைக்கு சரியாக எரிந்த திரி, அதே டம்ளரில் சந்தன வாசனைக்கு அணைந்துபோகலாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு எந்த மெழுகு?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். யூடியூபில் இருக்கும் பெரும்பாலான செய்முறைகள் குளிர் நாட்டுக்காரர்கள் சொன்னவை. தஞ்சையில் மே மாதம் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், அதாவது சுமார் 38 டிகிரி செல்சியஸ். தகர ஷெட்டுக்குள்ளும் மூடிய காருக்குள்ளும் இதைவிட பல டிகிரி கூடும்.

பாரஃபின் மெழுகு: கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் கிடைப்பது. சென்னை மணலியில் உள்ள சிபிசிஎல் ஆலையும் இதைத் தயாரிக்கிறது. கடையில் பரவலாகக் கிடைக்கும் ரகம் 58 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும். வெயிலைத் தாங்கும். ஆனால் ஆறும்போது நடுவில் குழி விழும், இரண்டாவது முறை ஊற்ற வேண்டியிருக்கும்.

சோயா வாக்ஸ்: கண்ணாடிக்குள் ஊற்றும் ரகங்கள் பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பார்க்க அழகு, கேட்பவர்களும் அதிகம். ஆனால் சித்திரை வெயிலில் மேலே எண்ணெய் வியர்த்து நிற்கும்.

தேன் மெழுகு: 62 முதல் 64 டிகிரி வரை தாங்கும், விலை அதிகம்.

பலர் இரண்டு மெழுகைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் 'பட்டுக்கோட்டை தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கே'ன்னு அதைக் கலக்காதீங்க. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மெழுகு களியாகத்தான் நிற்கும்.

வாசனை எவ்வளவு சேர்க்கணும்?

பொதுவாக மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம். 200 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம். சொட்டு, மூடி, ஸ்பூன் கணக்கெல்லாம் வேண்டாம். டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் எடை போடுங்க. கூட ஊற்றினால் கூட மணக்கும் என்பது தவறு. மெழுகு தாங்காத எண்ணெய் அடியில் தேங்கும், திரியை அடைக்கும், சில நேரம் அந்த எண்ணெயே தீப்பிடிக்கும்.

வாங்கும்போது சப்ளையரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்க. ஒன்று, இது மெழுகுவர்த்திக்கான எண்ணெய்தானா, எந்த வெப்பத்தில் இதன் ஆவி தீப்பற்றும் என்பது. இரண்டாவது, சர்வதேச வாசனைப் பொருள் அமைப்பான இஃப்ராவின் சான்றிதழ். அதில் மெழுகுவர்த்திகள் 12-வது பிரிவில் வரும். ஊதுபத்தி சென்ட்டும், உடம்பில் அடிக்கும் பெர்ஃப்யூமும் இதற்கு ஆகாது. பன்னீரும் கூடாது, தண்ணீர் கலந்த மெழுகு பட்பட்டென்று தெறிக்கும்.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியவை

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்ன பாத்திரத்தை வைத்து உருக்கணும். தெர்மாமீட்டர் கட்டாயம். எந்த சூட்டில் வாசனை கலப்பது, எந்த சூட்டில் ஊற்றுவது என்பதை அந்த மெழுகு கம்பெனியின் குறிப்பிலேயே போட்டிருப்பார்கள். எண்ணெய் விட்டதும் 2 நிமிடம் நிதானமாகக் கலக்குங்க.

மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடுங்க. கீற்றுக் கொட்டகையில் இந்த வேலையே வேண்டாம்.

ஊற்றிய அன்றே எரித்துப் பார்த்து 'வாசனை வரலையே'ன்னு கவலைப்படாதீங்க. பாரஃபினுக்கு 2, 3 நாள், சோயாவுக்கு 1 முதல் 2 வாரம் ஆறவிட்ட பிறகுதான் உண்மையான வாசனை தெரியும்.

விற்பதற்கு முன் செய்ய வேண்டிய 6 சோதனைகள்

1. திரி சோதனை: ஒரே டம்ளர், ஒரே மெழுகு, ஒரே வாசனை. திரி மட்டும் மூன்று அளவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிடுங்க. நடுவில் மட்டும் கிணறு மாதிரி குழி விழுந்தால் திரி சின்னது. திரி நுனியில் காளான் மாதிரி கரி கட்டி, புகைந்து, கண்ணாடி கறுத்தால் திரி பெரியது.

2. நாலு மணி நேர சோதனை: திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு ஏற்றுங்க. விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தோராயக் கணக்கு. இரண்டரை அங்குல டம்ளரில் 3 மணி நேரத்துக்குள் உருகிய மெழுகு ஓரம் வரை போயிருக்கணும். ஆழம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2417 தர விதி சுடர் உயரத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது: சுமார் 75 மில்லிமீட்டர். 4 மணி நேரம் முடிந்ததும் அணைத்து, முழுசாக ஆறவிட்டு, மறுபடி ஏற்றணும். மெழுகு தீரும்வரை இதே மாதிரி.

3. எடை சோதனை: ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன்பும் அணைத்து ஆறிய பிறகும் எடை போடுங்க. 4 மணி நேரத்தில் 24 கிராம் குறைந்தால், மணிக்கு 6 கிராம். 200 கிராமில் அடியில் 30 கிராமை விட்டுவிட்டால் மீதி 170 கிராம், அதாவது சுமார் 28 மணி நேரம். லேபிளில் போட வேண்டியது இந்த எண்தான். அடுத்தவர் பாக்கெட்டைப் பார்த்து 40 மணி நேரம்னு போட்டால் புகார் வரும்.

4. கடைசி சென்டிமீட்டர் சோதனை: பலரும் பாதியில் நிறுத்திவிடும் சோதனை, ஆனால் மிக முக்கியமானது. மெழுகு தீரும் நேரத்தில் சுடர் கண்ணாடியின் அடிப்பகுதிக்கு அருகில் வந்துவிடும். கண்ணாடி வெடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். இரும்புத் தட்டில் வைத்து, ஆள் பக்கத்திலேயே இருந்து பாருங்க. சாதாரண ஜூஸ் டம்ளர் இந்த சூட்டுக்காகச் செய்தது அல்ல. மெழுகுவர்த்திக்கென விற்கப்படும் கண்ணாடியையே வாங்குங்க.

5. வெயில் சோதனை: இரண்டு மெழுகுவர்த்திகளை மதியம் முழுக்க மொட்டை மாடி அறையிலோ, மூடிய காரிலோ வைத்து எடுங்க. எண்ணெய் கசிந்ததா, திரி சாய்ந்ததா, பேக்கிங் நனைந்ததா? பிறகு ஆறவிட்டு மறுபடி எரித்துப் பாருங்க. பஸ் பார்சலில் சென்னைக்கு அனுப்பப்போவதாக இருந்தால், தெரிந்தவர் ஒருவருக்கு முதலில் அனுப்பி, திறந்தவுடன் போட்டோ எடுக்கச் சொல்லுங்க.

6. ஃபேன் சோதனை: நம்ம ஊரில் ஃபேன் போடாமல் யாரும் உட்கார மாட்டார்கள். காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கண்ணாடியின் அந்தப் பக்கம் மட்டும் சூடேறும், கரியும் படியும். என்ன ஆகிறது என்பதைப் பார்த்து, லேபிளில் எச்சரிக்கை போடுங்க.

ஒரு நோட்டில் தேதி, மெழுகு, திரி அளவு, எண்ணெய் சதவீதம், எடை எல்லாவற்றையும் எழுதி வைக்கணும். ஆறு மாதம் கழித்து சப்ளையர் வேறு மெழுகைக் கொடுக்கும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

ரீல்ஸில் அழகு, வீட்டில் ஆபத்து

காய்ந்த ரோஜா இதழ், வெட்டிவேர், பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் மேலே தூவி வைப்பது இப்போ ஃபேஷன். தஞ்சாவூர் கதம்பம் மாதிரி அலங்கரிக்கலாம்னு தோணும். ஆனால் காய்ந்த பூவும் வேரும் மெழுகை உறிஞ்சி, இரண்டாவது திரியாக மாறி எரியத் தொடங்கும். வெட்டிவேர் வாசனை வேணும்னா எண்ணெயாகச் சேருங்க, வேரை டப்பாவுக்கு வெளியே கட்டுங்க.

தேங்காய் சிரட்டையும் எரியும் பொருள்தான். மண் கிண்ணம் மெழுகை உறிஞ்சும், உள்பக்கம் பூச்சு இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

இவ்வளவு பயப்படணுமா?

2023 மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் சுமார் 49 லட்சம் கண்ணாடி ஜாடி மெழுகுவர்த்திகளைத் திரும்பப் பெற்றது. எரியும்போது கண்ணாடி விரிசல் விட்டதாகவும் உடைந்ததாகவும் 137 புகார்கள், குறைந்தது 6 பேருக்குக் காயம். அவ்வளவு பெரிய நிறுவனத்தால் சரக்கைத் திரும்பப் பெற்று சமாளிக்க முடியும். மகளிர் குழுவில் 50 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியவருக்கு ஒரே ஒரு டம்ளர் உடைந்தாலே கதை முடிந்துவிடும்.

சட்டமும் இருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பொருளில் போதுமான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமல் பாதிப்பு ஏற்பட்டால் உற்பத்தியாளர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம். வீட்டில் செய்கிறேன் என்பதற்காக அந்தப் பொறுப்பு போய்விடாது.

லேபிளில் என்னென்ன இருக்கணும்?

பாக்கெட் பொருட்களுக்கான 2011 விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த மாதம் மற்றும் ஆண்டு, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவை வேண்டும். கூடவே தமிழில் இந்த வரிகளையும் சேருங்க:

எரியும்போது தனியாக விட்டுச் செல்லாதீர்கள்.
குழந்தைகள், திரைச்சீலை, ஃபேன் காற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.
ஒவ்வொரு முறையும் திரியை 6 மி.மீ.க்கு வெட்டுங்கள்.
4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்காதீர்கள்.
அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

சோதனைக்கான செலவை எப்படி எடுப்பது?

மூன்று திரி, இரண்டு வாசனை அளவு, ஒவ்வொன்றிலும் 3 மெழுகுவர்த்தி என்றால் மொத்தம் 18. தலா 200 கிராம் என்றால் 3.6 கிலோ மெழுகு எரிந்துபோகும். 'விற்க வேண்டியதை எரிக்கிறோமே'ன்னு மனசு அடிச்சுக்கும். அதனால் ஆரம்பத்தில் பத்து வாசனை, ஐந்து டம்ளர்னு போகாதீங்க. ஒரு டம்ளர், ஒரு மெழுகு, இரண்டு வாசனை போதும். சோதனைச் செலவை முதல் 200 மெழுகுவர்த்திகளின் விலையில் பிரித்துப் போட்டால் ஒன்றுக்கு வருவது சிறு தொகைதான்.

பயிற்சி, கடன் எங்கே?

மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிறுவனம் இலவசப் பயிற்சிகள் தருகிறது. எந்தப் பயிற்சி எப்போது என்பதை நேரில் கேட்டுக்கொள்ளலாம். உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் கேட்கலாம். மானியத்துடன் கூடிய கடன் திட்டங்களின் தற்போதைய விதிகளுக்கு மாவட்ட தொழில் மையத்தை அணுகுங்க. குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் விற்பனைக் கண்காட்சிகள் பற்றிக் கேட்கலாம்.

கடனுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. ஒரு கிலோ மெழுகு, மூன்று அளவு திரி, ஒரு தராசு, ஒரு நோட்டு வாங்கி, ஒரு மெழுகுவர்த்தியையாவது கடைசி சென்டிமீட்டர் வரை எரித்துப் பாருங்க. அதுவும் சித்திரை, வைகாசியில் செய்து பார்த்தால், மற்ற மாதங்களைப் பற்றிய கவலை பெருமளவு குறையும்.