குசினிப் பக்கமிருந்து தெரியும் வீடு

1951ஆம் ஆண்டு. சைகோன் நகரத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பத்து வயதுச் சிறுமி முய் வேலைக்கு வந்து சேர்கிறாள். காய்கறி அரிகிறாள், தரை துடைக்கிறாள், இடையில் எறும்புகளை வேடிக்கை பார்க்கிறாள். பத்து ஆண்டு கழிய, வேறொரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். 'பச்சைப் பப்பாசியின் வாசம்' என்ற வியட்நாமியப் படத்தின் கதை ஏறக்குறைய இவ்வளவுதான். ட்ரான் ஆன் ஹுங்கின் இந்த முதல் முழுநீளப் படம் 1993இல் கான் விழாவில் அறிமுக இயக்குநருக்கான தங்கக் கமரா விருதைப் பெற்றது. ஒஸ்கார் இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் வியட்நாமியப் படமும் இதுதான். 'அழகான படம்' என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியே படத்துக்குக் கொஞ்சம் கெடுதலும் செய்துவிட்டது. அழகை மெச்சுகிறவர்கள், வீட்டின் எந்த மூலையில் நின்று அது பார்க்கப்படுகிறது என்று கேட்பதில்லை. இந்தப் படம் வீட்டைக் குசினிப் பக்கமிருந்து பார்க்கிறது. வேலைக்கு நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய தமிழ்ப் படங்களிலும், யாழ்ப்பாணத்து வீடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளிலும் அரிதாகவே கிடைக்கும் பார்வை இது.

பப்பாசிக்காயை அரியும் காட்சியை எடுத்துக்கொள்வோம். தோல் சீவிய காயை ஒரு கையில் ஏந்தி, மறு கையிலுள்ள கத்தியால் நீளவாக்கில் மளமளவென்று கொத்தி, பிறகு மேலாகச் சீவினால் நூல் நூலாக விழும். அந்தக் கைவேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரமும் கமரா நிற்கிறது. மிச்சக் காயைப் பிளந்து, உள்ளே முத்துப்போல் இருக்கும் வெள்ளை விதைகளை முய் விரலால் தொட்டுப் பார்க்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருப்பது அந்தச் சில விநாடிகள்தான். மற்ற நேரமெல்லாம் யன்னலையும் மரச் சட்டங்களையும் ஊடறுத்துக் கமரா அவளோடு அறை அறையாக நகர்கிறது. வீணே வாத்தியம் மீட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர், துணிக்கடை வருமானத்தில் குடும்பத்தைத் தாங்கும் மனைவி, செத்துப்போன பேத்திக்காக மேல்மாடியில் ஓயாமல் வழிபடும் கிழவி, எல்லோரையும் அவள் வேலையாய்ப் போய்வரும் வழியில்தான் அறிகிறோம். பணத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்காரர் மறைந்துபோவதும் அப்படித்தான் தெரியவருகிறது. அவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. ஆனால் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

நடுவில் முற்றமும் சுற்றிவர விறாந்தையும் கொண்ட நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. யார் எந்த வாசலால் வரலாம், எதுவரை வரலாம், எந்தப் பாத்திரத்தில் குடிக்கலாம் என்ற கணக்கும் அந்த வீட்டோடு சேர்ந்தே இருந்தது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 அளவில் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் உண்டு. சீதனத்தையும் முதுசத்தையும் பற்றிப் பேசும்போது அந்தச் சட்டத்தைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், அந்தப் பகுதியைப் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. வீட்டு வேலைக்குப் பிள்ளை வைத்துக்கொள்ளும் வழக்கம் தொடர்ந்தது. பின்னாளில் மலையகத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கேட்டால் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கும்: 'எங்கட பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறம்.'

அந்தப் பதில் எப்போதும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முய் வேலை செய்யும் வீட்டு அம்மாவும் ஒரு பெண்பிள்ளையைப் பறிகொடுத்தவள். உயிரோடிருந்தால் முய்யின் வயதுதான். அந்தப் பாசத்தை இயக்குநர் கேலி செய்யவில்லை. முய் வீட்டை விட்டுப் போகும்போது, மகளுக்கென்று வைத்திருந்த உடுப்பையும் நகையையும் அந்த அம்மா அவளுக்கே கொடுக்கிறாள். ஆனாலும் போகிறவள் முய்தான், அனுப்புகிறவள் அந்த அம்மாதான். மகளை யாரும் இன்னொரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவதில்லை. 'மாதிரி' எந்த இடத்தில் முடிகிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் படம் காட்டிவிடுகிறது.

தமிழில் இதற்கு அருகில் வைக்கத்தக்கது, சிவசங்கரியின் கதையை வைத்து ஜானகி விஸ்வநாதன் 2001இல் எடுத்த 'குட்டி'. சென்னைக்கு வேலைக்கு வரும் கிராமத்துச் சிறுமியின் கதை. அதில் நடித்த சுவேதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நேர்மையான படம், கலங்கவைக்கும் படம். ஆனால் அதில் நாம் குட்டியைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். குட்டி நம்மைப் பார்ப்பதில்லை. கொடுமைக்காரக் கிழவி ஒருத்தி வந்ததும் பார்வையாளருக்கு வசதியாகிவிடுகிறது, 'நாங்கள் அப்படியானவர்கள் இல்லை' என்று எழுந்துபோகலாம். முய் வேலை செய்யும் வீட்டுக் கிழவிமேல் அப்படிக் குற்றம் சுமத்த முடியாது. சேட்டைவிடும் சின்னப் பையன் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான்.

முய்யின் படத்தை இப்படி மெச்சுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2021 யூலையில் மலையகத்து டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கு நின்றபோது தீக்காயங்களுக்கு உள்ளாகி மருத்துவமனையில் இறந்தாள். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 16 ஆக உயர்த்திய சட்டத்திருத்தம் அதே ஆண்டில்தான் வந்திருந்தது. இப்படியொரு நாட்டில் இலைமேல் சொட்டும் பப்பாசிப் பாலை ரசித்துக்கொண்டிருப்பது தகுமா? நியாயமான கேள்விதான். ஆனால் இறந்தபின் செய்தியாகும் பிள்ளையைத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முந்திய நாட்களில் அவள் எத்தனை மணிக்கு எழும்பினாள், எங்கே படுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. செய்தி தவறவிடும் அந்தச் சாதாரண நாட்களைத்தான் இந்தப் படம் பார்க்கிறது.

இரண்டாவது மறுப்பை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. 1961இல் முய் வேலைக்குப் போகும் பியானோக் கலைஞன் குயென், நாகரிகமான தன் வருங்கால மனைவியை விட்டு இவளை விரும்புகிறான், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறான். முடிவில் அவள் கர்ப்பிணி. வேலைக்காரிக்கு விடிவு எசமானின் மனத்தில்தான் என்ற பழைய கதை இது. முதற்பாதி கட்டிக்காத்த கூர்மை இங்கே மழுங்குகிறது. அவள் புத்தகம் வாசிக்கும் குரலைக் கடைசியில் கேட்கிறோம் என்பது ஓரளவு ஈடுசெய்கிறது, முழுக்க அல்ல.

வேலைக்காரச் சிறுமியின் நாளாந்தத்தை இப்படி ஆற அமரப் பார்க்கும் படம் யாழ்ப்பாணத்திலிருந்து வராததற்கு வசதியின்மையைக் காரணம் சொல்வார்கள். ட்ரான் ஆன் ஹுங் 1975இல் சிறுவனாகப் பிரான்சுக்குப் போனவர். அவருடைய சைகோன் முழுவதும் பாரிசுக்கு அருகே ஸ்ரூடியோவில் கட்டப்பட்டது. அதே பாரிசில் நம்மவர்களும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஆரவாரமில்லாத படமும் நமக்குப் புதிதல்ல. 1970களின் இறுதியில் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தில், சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை எப்படி இறுக்குகின்றன என்று 'பொன்மணி'யில் காட்டினார். அன்று கூட்டம் சேரவில்லை. இன்று ஈழத்துச் சினிமா பற்றிய பேச்சில் அதை ஒதுக்க முடியாது. அதிலும் கதையின் பாரம் வீட்டு மகள்மேல்தான் இருந்தது. ஊர் வீட்டைப் பற்றி இனிப் படமெடுக்க நினைக்கும் இளைஞர்கள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கும் தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிள்ளை யாருடைய பிள்ளை, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாள், சம்பளம் யார் கைக்குப் போனது என்று விசாரித்தாலே முதற்காட்சி கிடைத்துவிடும்.