பொதுக் கடலும் பொதுப் பொறுப்பும்

நமது தென் ஜில்லாக்களில் கண்மாய் நீர் வற்றும் காலத்து, ஊர்ப் பெரியவர் அநுமதி தந்த பின்னரே பல ஊர்களில் ஜனங்கள் மீன் பிடிக்க இறங்குவர். பொதுச் சொத்துக்குக் காவல் வேண்டும் என்பதே இவ்வழக்கின் நியாயம். சோழபுரத்துக் குடியானவருக்கு எளிதில் விளங்கும் இந்நியாயத்தை வல்லரசுகள் உணரும் முன்னரே பெரு நஷ்டம் நேர்ந்துவிட்டது.

பூமியின் தென்கோடிக் குளிர்கடலில் ‘நோட்டோத்தீனியா’ என்னும் மீனினம் வாழ்கிறது. ‘தெற்கிலிருந்து’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. அவ்வினத்தில் ஒருவகை தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சுற்றி மிகுந்திருந்தது. மெதுவாக வளரும் அம்மீன், பல ஆண்டுகள் சென்ற பின்னரே முட்டையிடும். சோவியத் கப்பல்கள் 1969-70 பருவத்தில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் டன் வாரிச் சென்றன. அடுத்த பருவத்தில் கிடைத்தது சுமார் 1 லட்சம் டன்னே. பின்னர் அம்மீன்வளம் க்ஷீணித்தது. அதனைப் பிடிக்கலாகாது என்ற தடையோ 1985-இல்தான் பிறந்தது. கண்மாய் வற்றிய பிறகு காவல்காரனை நியமித்த கதை இது!

“எங்கோ உள்ள மீனைப்பற்றி நமக்கென்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். தென்கடல் உயிர்களைக் காக்கும் உடன்படிக்கை 1980-இல் கையெழுத்தாகி, 1982-இல் அமுலுக்கு வந்தது. ஹோபார்ட் நகரில் கூடும் அதன் கமிஷனில் இந்தியா 1986 முதல் அங்கத்தினராக உள்ளது. அங்கே தீர்மானங்கள் ஏகமனதாகவே நிறைவேற வேண்டும்; ஒரு நாடு மறுப்பினும் காரியம் நின்றுவிடும். ஆகவே அச்சபையில் நமது குரலுக்கு மதிப்புண்டு. ராஸ் கடலில் 2016-இல் ஒரு பெரும் காப்பகம் தீர்மானமாயிற்று. கிழக்கு அண்டார்க்டிகாவிலும் வெடல் கடலிலும் அத்தகைய காப்பகங்கள் வேண்டுமென்ற யோசனையை இந்தியா 2021-இல் ஆதரித்தது. ரஷ்யாவும் சீனாவும் இசையாமையால் அந்த யோசனை பலமுறை தடைப்பட்டது.

நமது சர்க்கார் எடுத்த நிலை நியாயமானதே. ஆனால், நாளை நமது கப்பல்களும் அக்கடலில் லாபம் தேடப் புறப்படலாம். அன்றும் இதே நியாயத்தில் நாம் நிற்போமா என்பதே கேள்வி. பிறர் அள்ளினால் கொள்ளை, நாம் அள்ளினால் உரிமை என்பது சுதந்திர தேசத்துக்கு அழகன்று. மீன்கள் முட்டையிடும் பருவத்தில் 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தும் தமிழ்நாட்டு மீனவரின் தியாகத்தை நாம் கண்டிருக்கிறோம். ஏழை அநுஷ்டிக்கும் அத்தர்மத்தை ராஜ்யங்களும் அநுஷ்டிக்கட்டும். அதைக் கண்காணிப்பது விழிப்புள்ள ஜனங்களின் கடமை.