பல்லுக்கு இடம் எங்கிருந்து வருகிறது?

கம்பி போடப் போன பிள்ளை முதல் நாள் பெரும்பாலும் கம்பி இல்லாமலேயே வீடு திரும்பும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குட்டி ரப்பர் வளையங்கள் மட்டும் இருக்கும். மாம்பழ நார் சிக்கிக்கொண்டதுபோல் உறுத்தும். இரண்டு மூன்று நாளைக்கு முறுக்கைத் தொட முடியாது. ஒரு வாரம் கழித்து வளையத்தை எடுத்தால், நூல்கூட நுழையத் தயங்கிய இடத்தில் மெல்லிய உலோகப் பட்டை நுழைகிறது.

பல் என்பது எலும்பில் அறைந்த ஆணி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல்லைத் தாங்குவது அதுதான். வளையம் தள்ளும்போது படலம் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கும் பக்கத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் திரண்டு பல்லுக்கு வழிவிடுகின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. கம்பி செய்வதும் இதே வேலைதான்.

இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-இல் நாய்களின் பற்களை நகர்த்திப் பார்த்தார். விசை அதிகமான இடத்தில் படலம் நசுங்கி உயிரற்றுப் போயிருந்தது. எலும்பு கரைவதும் அங்கே தடைப்பட்டது. பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும் நிதானத்துக்குக் காரணம் இதுதான். "கொஞ்சம் இறுக்கிவிடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பதில் பயனில்லை.

ரப்பர் வளையம் தருவது ஒரு பட்டைக்கான இடம் மட்டுமே. தெத்துப்பல்லை வரிசைக்குக் கொண்டுவர இன்னும் பல மடங்கு வேண்டும். பற்களின் அகலங்களைக் கூட்டி, தாடை வளைவின் நீளத்தோடு ஒப்பிட்டால் பற்றாக்குறை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். குறைவாக இருந்தால், பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களில் எனாமலை இழைக்கிறார்கள். ஓர் இடுக்குக்கு அரை மில்லிமீட்டர் வரை எடுக்கலாம். முன்பற்கள் ஆறின் ஐந்து இடுக்குகளில் இரண்டரை மில்லிமீட்டர் தேறும்.

வளரும் பிள்ளை என்றால் மேல் அண்ணத்தையே அகலமாக்கலாம். அதன் நடுப்பொருத்து அந்த வயதில் முழுதாக இறுகியிருக்காது. சான்பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுமியின் வாயில் திருகு ஒன்றைப் பொருத்தி இதைச் செய்து, 1860-இல் எழுதினார். அன்று பலர் நம்பவில்லை. இன்று இது வழக்கமான சிகிச்சை.

பற்றாக்குறை பெரிது என்றால் பல்லை எடுப்பதா? பல் சீரமைப்புத் துறையின் மிகப் பழைய சண்டை இது. அத்துறை மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் கூடாது என்றார். எல்லாப் பற்களையும் காப்பதே அவர் கொள்கை. அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், அந்த வழியில் சீராக்கிய பற்கள் நிலைக்காததைக் கண்டு, 100 பேருக்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மீண்டும் சிகிச்சை அளித்தார். அந்தப் பல் ஒன்றின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்று எடுத்தால் ஒரு தாடைக்கு 14 மில்லிமீட்டர் கிடைக்கும். இருவரில் ஒருவரையே எப்போதும் சரி என்று சொல்ல முடியாது. அளவும் முக அமைப்புமே முடிவு செய்யும்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. இயற்கை கொடுத்த இடத்தை நாமே தொலைக்கிறோம். பால் கடைவாய்ப் பல், அதன்பின் முளைக்கும் நிரந்தரப் பல்லைவிட அகலமானது. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இப்படி மிச்சமாகும். "பால் பல்தானே, விழத்தானே போகுது" என்று சொத்தையை விட்டுவிட்டால், பல் காலத்துக்கு முன்பே போய்விடும். ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப் பல் முன்னால் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து, பதினொரு வயதில் வரவேண்டிய பல்லுக்கு வழியிருக்காது.

உங்கள் பிள்ளையின் பால் கடைவாய்ப் பல்லை எடுக்க நேர்ந்தால், அந்த இடத்தைக் காக்கும் கம்பி வேண்டுமா என்று மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள்.