பஸ் வருகிறது, பச்சை விளக்கு எரிகிறது!

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரு கார் நிற்கிறது. அதில் இருப்பவர் ஒருவர். பக்கத்தில் ஒரு பஸ் நிற்கிறது. அதில் இருப்பவர்கள் 60 பேர்.

விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அது வண்டியைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

இது நியாயமா?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட நகரம் ஜூரிச். ஸ்விட்சர்லாந்து நாட்டின் மிகப் பெரிய நகரம் இது.

மக்கள் போட்ட ஓட்டு

ஜூரிச் வீதிகளில் டிராம்களும் பஸ்களும் ஓடுகின்றன. கார்கள் பெருகின. டிராமும் பஸ்ஸும் நெரிசலில் சிக்கித் தவித்தன.

டிராமைப் பூமிக்கு அடியில் விடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அந்த ஊரில் இப்படிப்பட்ட பெரிய செலவுக்கு மக்களின் ஓட்டு வேண்டும். 1962-ல் மக்கள் "வேண்டாம்" என்றார்கள். பிறகு சுரங்க ரெயில் திட்டம் வந்தது. 1973-ல் அதையும் "வேண்டாம்" என்று தள்ளிவிட்டார்கள்.

1977-ல் வேறு கேள்வி வந்தது. டிராமும் பஸ்ஸும் தெருவிலேயே தடையின்றி ஓட 20 கோடி பிராங்க் செலவிடலாமா?

"செலவிடலாம்" என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள்!

"நான் வருகிறேன்!"

ரோட்டுக்கு அடியில் கம்பிச் சுருள்களைப் புதைத்தார்கள். பஸ்ஸில் ஒரு கருவியை வைத்தார்கள். கம்பிச் சுருளின் மேல் பஸ் வந்ததும், "நான் வருகிறேன்" என்று விளக்குக்குச் செய்தி போய்விடும்.

பச்சை எரிந்துகொண்டிருந்தால், பஸ் தாண்டும் வரை சில விநாடி கூடுதலாக எரியும். சிவப்பு எரிந்தால், சீக்கிரமே பச்சையாகும். ஆனால் ரோட்டைக் கடக்கும் பாதசாரிகளை அவசரப்படுத்துவது இல்லை. அவர்கள் கடந்து முடித்த பிறகே விளக்கு மாறும். பஸ் போனதும் மற்றத் தெருக்களுக்கு வழி கிடைக்கும்.

ஒரு பஸ் மிச்சம்

சில விநாடிதானே என்று நினைக்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பஸ் போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகிறது. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட வேண்டுமானால், 6 பஸ்கள் தேவை. விளக்குகளில் நிற்பது குறைந்து, 50 நிமிடத்தில் திரும்பினால் 5 பஸ்களே போதும். மிஞ்சிய பஸ்ஸை வேறு தெருவுக்கு விடலாம்!

வேலைக்குப் போகிறவருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் நேரம் மிச்சம். காரில் போகிறவர் காத்திருப்பதோ சில விநாடிதான். 60 பேருக்காக ஒருவர் சற்றுப் பொறுப்பதில் தவறு என்ன?