தெப்பக்காட்டுல ட்ரெக்கிங் போகலாமா? பிளான் போடுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

லாங் வீக்கெண்ட் வருது. வாட்ஸ்அப் குரூப்புல யாரோ ஒருத்தர் "முதுமலைக்கு ட்ரெக் போலாமா?" என்று கேட்டிருப்பார். பத்து பேர் தம்ஸ்-அப் போட்டிருப்பீங்க. ஷூ வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: தெப்பக்காட்டைச் சுற்றியுள்ள முதுமலைப் புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகள் நடந்து போக அனுமதி கிடையாது. பார்க்கணும்னா வனத்துறையின் வாகன சஃபாரி மட்டும்தான். ஆனால், நீலகிரியில் முறையாக நடக்க வேறு நல்ல பாதைகள் இருக்கின்றன.

ஏன் நடக்கக் கூடாது?

முதுமலையின் பல பகுதிகளில் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு யானை நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால், காற்று அந்தப் பக்கம் வீசினால் உங்கள் வாசனை அதற்குத் தெரிந்துவிடும். திடீரென்று மிரண்ட யானையிடமிருந்து மேடு பள்ளத்தில் ஓடித் தப்புவது சினிமாவில் மட்டுமே நடக்கும்.

மசினகுடி பக்கம் "ஜங்கிள் ட்ரெக் கூட்டிட்டுப் போறோம், நைட் சஃபாரியும் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டிப் போனவர் மட்டுமல்ல, கூடப் போன நீங்களும் மாட்டுவீங்க.

குரங்கணி சொல்லிக்கொடுத்த பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானோர் உங்களைப் போல, வேலைக்குப் போகும் இளைஞர்கள். காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ, சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். மலையேறும் மனிதனால் அதை முந்த முடியாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் புக் செய்யலாம். அந்தந்த மலைக்கிராம, பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக வருவார்கள்.

நீலகிரியில் எங்கே நடக்கலாம்?

*ஊசிமலை, கூடலூர்:* தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் சுமார் 18 கி.மீ. அதனால் முதுமலை பிளானோடு சேர்க்க இதுதான் வசதி.

*லாங்வுட் சோலை, கோத்தகிரி:* முதல் தடவை நடப்பவர்களுக்கு ஏற்ற எளிய பாதை. சுமார் 116 ஹெக்டேர் சோலைக்காடு. 2024-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்றது.

*கரிக்கையூர் – பொறிவரை:* கோத்தகிரி பக்கம். பழங்காலப் பாறை ஓவியங்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு.

*பார்சன்ஸ் வேலி – முக்குர்த்தி:* நீண்ட நடை. முதல் ட்ரெக்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எப்போது போகலாம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீக்காலம். பாதைகளை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், அட்டைக்கடியும் நிச்சயம். கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரிதான் இரண்டு பக்கமும் நடக்க வசதி. ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீங்க.

ரெண்டு நாள் பிளான்

முதல் நாள் தெப்பக்காடு. வனத்துறை வேனில் சஃபாரி போயிட்டு, யானைகள் முகாமுக்கு வாங்க. காலை, மாலை வேளைகளில் ராகி, கொள்ளு உருண்டைகளை யானைகளுக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம். 2023-ல் ஆஸ்கர் வென்ற 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தின் பொம்மன், பெள்ளி யானைக்குட்டிகளை வளர்த்தது இங்கேதான். இரவு கூடலூரில் தங்கிவிட்டால், மறுநாள் காலையிலேயே ஊசிமலை ஏறலாம். அதற்கான புக்கிங்கை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

✔ நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

✔ ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு கூகுள் மேப் கல்லட்டி வழியைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதியில்லை. தூரம் கூடினாலும் கூடலூர் வழியாகத்தான் வரணும்.

✔ மைசூரிலிருந்து வந்தால், பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்.

✔ பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு வாங்க.

✔ காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீங்க. மானுக்கு பிஸ்கட் போடுறதும் வேண்டாம்.

குரூப்புல அட்மின் நீங்கதானா? அப்போ முதல் வேலை, தேதியைக் குறிச்சுட்டு அந்தத் தேதிக்கு எந்தப் பாதை திறந்திருக்குன்னு 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பார்க்குறது. லீவ் அப்ளை பண்றதெல்லாம் அதுக்கு அப்புறம்!